ஒரு பிள்ளைக்குள் பல ஊர்கள்: வகுப்பில் எல்லோருக்கும் இடம் தர முழுமையான வழிகாட்டி

ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டு ஒன்றில், "நேற்று அம்மாவோடு கனநேரம் கதைத்தேன்" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையில் 'கதைத்தேன்' என்பதை அடித்து, மேலே 'பேசினேன்' என்று எழுதினேன். 'கனநேரம்' என்பதையும் அடித்தேன். அடுத்த வாரம் அவள் கட்டுரை ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. மூன்றே வரி. அதுவரை ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை அவள்.

அவள் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருகிறவள். 1983-க்குப் பிறகு கடல் கடந்து வந்த குடும்பம் ஒன்றின் மூன்றாம் தலைமுறை. பிறந்ததும் வளர்ந்ததும் கொங்கு மண்ணில். வீட்டில் 'கதைப்பாள்', பள்ளியில் 'பேசுவாள்', வீதியில் 'ஏனுங்க' என்பாள். கபடி அணியில் இருந்தாள், கோவில் பாட்டுக் குழுவில் பாடினாள், இரண்டு தம்பிகளுக்கு அக்கா. இத்தனை இருந்தும் வகுப்பில் அவளுக்கு இருந்த ஒரே அடையாளம் 'முகாம் பொண்ணு'. அதோடு என் சிவப்புக் கோடு அவள் அம்மாவின் பேச்சையும் தப்பு என்று சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து படிப்படியாகக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். திருப்பூர் பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளியை மனதில் வைத்து எழுதியது, ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குப் பொருந்தும். எல்லாப் படிக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. ஒரு பிள்ளை ஒரே நேரத்தில் பல கூட்டங்களைச் சேர்ந்தது. அதில் எதை வெளியே காட்டுவது, எப்போது காட்டுவது என்பது அந்தப் பிள்ளையின் முடிவு. அந்த முடிவைப் பயமில்லாமல் எடுக்க இடம் செய்து தருவது ஆசிரியர் வேலை.

படி 1: முதலில் உங்கள் தாளை எழுதுங்கள்

பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம், ஒரு வெள்ளைத்தாளின் நடுவில் உங்கள் பெயரை எழுதி, சுற்றிலும் வட்டங்கள் போடுங்கள். ஊர், வீட்டு மொழி, மதம், சாதி, படித்த பள்ளி, சங்கம், பிடித்த கிரிக்கெட் டீம், யாருக்கு மகள், யாருக்கு மாமியார், உடம்பில் உள்ள குறை, எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். பிறகு இரண்டு நிறப் பேனா எடுங்கள். முன்பின் தெரியாதவர்களிடம் யோசிக்காமல் சொல்லக்கூடியதற்கு ஒரு நிறம், தயங்குவதற்கு இன்னொரு நிறம்.

அந்த இரண்டாவது நிறத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். நாற்பது வயதில், மாதச் சம்பளத்தோடு, ஊரில் ஒரு மதிப்போடு இருக்கும் நமக்கே தயக்கம் வருகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி அதையே கேட்டால் அது என்ன செய்யும்? தாளை யாருக்கும் காட்ட வேண்டாம். மேசை இழுப்பறையில் போட்டுவையுங்கள், நான்காம் படிக்கு வேண்டும்.

படி 2: முதல் வாரம் முழுக்கப் பெயர்

பீகாரிலிருந்து வந்த பிள்ளைகளில் பலருக்குப் பெயரின் பின்பாதி 'குமாரி' அல்லது 'குமார்' என்று இருக்கும். நாம் வாய்க்கு எளிதாக இருக்கிறதென்று 'குமாரி' என்று கூப்பிடத் தொடங்கினால், ஒரே வகுப்பில் மூன்று குமாரிகள் ஆகிவிடுவார்கள். ஒடியா, வங்காளப் பெயர்கள் நம் நாக்கில் வேறு மாதிரி விழும். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அருகில் அழைத்து, "வீட்டில் அம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள்? நான் எப்படிக் கூப்பிட்டால் உனக்குப் பிடிக்கும்?" என்று கேளுங்கள். மூன்று முறை சொல்லிப் பாருங்கள். சரியா என்று பிள்ளையிடமே கேளுங்கள். ஒலிப்பைப் பென்சிலால் உங்கள் சொந்த நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

முஸ்லிம் பையனை 'பாய்' என்பது, வடக்கிலிருந்து வந்தவனை 'சேட்டு' என்பது, நரிக்குறவர் வீட்டுப் பிள்ளையை 'மணி விக்கிறவன்' என்பது, கண்ணாடி போட்டவனை 'சோடாபுட்டி' என்பது எல்லாம் முதலில் ஆசிரியர் அறையில் நிற்க வேண்டும். பிள்ளைகள் நம்மைக் கேட்டுத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

படி 3: கேட்கக்கூடாதவற்றை முன்கூட்டியே தீர்மானியுங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். அதிகக் காயம் இங்கேதான் நடக்கிறது, அதுவும் நல்ல எண்ணத்தோடு.

கல்வி உதவித்தொகைக்கு வங்கிப் புத்தக நகல் கேட்டுச் சுற்றறிக்கை வருகிறது. நேரமில்லை. ஆசிரியர் வகுப்பு வாசலில் நின்று, "எஸ்.சி. பசங்க மட்டும் எழுந்திருங்க" என்கிறார். ஐந்து பேர் எழுகிறார்கள். ஒரு நிமிட வேலைதான். அந்த ஐந்து பேரும் பள்ளியை விட்டுப் போகும்வரை அந்த ஒரு நிமிடத்தோடுதான் நடப்பார்கள். எழாமல் உட்கார்ந்திருந்தவர்களும் அன்றைக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

தேவையான விவரம் ஏற்கெனவே எமிஸில், அதாவது மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித் துறை இணையத்தளத்தில் இருக்கிறது. அங்கிருந்து பட்டியல் எடுத்து, ஒவ்வொருவரையும் வேறு வேறு நேரத்தில் தலைமை ஆசிரியர் அறைக்கு அழையுங்கள். வெளியே வரும் பிள்ளையை நண்பர்கள் "எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்று கேட்பார்கள். அதனால் அதே வாரத்தில் வகுப்பில் எல்லோரையும் ஏதோ ஒரு காரணத்துக்கு, நோட்டுத் திருத்தவோ புத்தகம் கொடுக்கவோ, ஒருமுறை அழைத்துவிடுங்கள். யார் எதற்குப் போனார் என்று தெரியாது.

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது, கையில் வண்ணக் கயிறு கூடாது, மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்ற பரிந்துரைகள் இருக்கின்றன. பதிவேட்டைப் பார்த்துப் பெயர் வாசிக்கிற எந்த ஆசிரியருக்கும் முதல் பரிந்துரையின் அருமை புரியும். மாணவனே பதிவேட்டை எடுத்துவரும் பள்ளிகள்தானே நம்முடையவை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மொழி, சாப்பாடு, ஊர், பாட்டு எல்லாவற்றையும் மேடையில் ஏற்றிக் கொண்டாடலாம். சாதியை அப்படி ஏற்ற முடியாது. அது ஒருவரை மேலே, ஒருவரைக் கீழே வைக்கவே உண்டானது. 'எல்லா அடையாளமும் அழகு' என்று பொதுவாகப் பேசிவிட்டு நகர்ந்தால், கீழே வைக்கப்பட்ட பிள்ளைக்கு அது உதவாது. அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது என்பதை அதற்கென்று ஒரு நாள் ஒதுக்கிப் பாடமாக நடத்துங்கள். ஆனால் அன்றைக்கு எந்தப் பிள்ளையையும் உதாரணமாக்க வேண்டாம், பார்வையால்கூட.

படி 4: வட்டத் தாள்

மூன்றாவது வாரம், இரண்டு பீரியடு தொடர்ந்து கிடைக்கும் நாளில் செய்யுங்கள். ஆளுக்கு ஒரு தாள். நடுவில் பெயர், சுற்றி ஏழெட்டு வட்டங்கள். கரும்பலகையில் உங்கள் தாளை வரைந்து காட்டுங்கள். முதல் படியில் எழுதினீர்களே, அதில் தயங்காத நிறத்தில் இருப்பவை மட்டும். ஒரு வட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டு, "இது எனக்குத் தெரியும், இப்போது சொல்ல மனமில்லை" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் அன்றைய பாடத்தில் பாதி.

பிறகு மூன்று விதிகளைச் சொல்லுங்கள். எல்லா வட்டத்தையும் நிரப்ப வேண்டியதில்லை. எழுதிய எதையும் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒருவர் தாளை இன்னொருவர் எடுத்துப் பார்க்கக் கூடாது.

'நான் எந்தெந்தக் கூட்டத்தில் ஒருவர்?' என்ற ஒரே கேள்வியோடு விட்டுவிடுங்கள். சாதி, மதம் என்று தலைப்புக் கொடுத்தால் பிள்ளைகள் அதைத்தான் எழுதுவார்கள். தலைப்பில்லாமல் விட்டபோது எங்கள் வகுப்பில் வந்தவை: வீட்டில் மூத்தவள், சைக்கிளில் வருகிறவர்கள், சிஎஸ்கே, இரட்டைப் பிள்ளைகள், அப்பா வெளியூரில் இருப்பவர்கள், பனியன் கம்பெனிக் குவார்ட்டர்ஸ், ஆஸ்துமா, புறா வளர்ப்பவர்கள், மூன்று மொழி தெரிந்தவர்கள், பாட்டி வீட்டில் வளர்கிறவர்கள். காலில் காலிப்பர் என்ற தாங்குகருவி போட்டிருந்த ஒரு பையன் எல்லா வட்டத்திலும் செஸ், புறா, தம்பி என்று எழுதினான். காலைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. நானோ அவனை நினைக்கும்போதெல்லாம் முதலில் அந்தக் காலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பீரியடில் எல்லோரும் எழுந்து நடக்கட்டும். விரும்பிய ஒரே ஒரு வட்டத்தைச் சொல்லி, அதே வட்டம் உள்ள இன்னொருவரைத் தேட வேண்டும். புறா வளர்க்கும் மூன்று பேர் ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள்: காலிப்பர் பையன், பீகாரிலிருந்து முந்தைய ஆண்டு வந்தவன், ஊர்ப் பெரிய வீட்டுப் பையன். மற்ற எந்தக் கணக்கிலும் இந்த மூவரும் ஒன்றாக நிற்க வாய்ப்பில்லை.

ஒரு பிள்ளை சாதிப் பெயரை எழுதிவிட்டால்? பதற வேண்டாம், கிழிக்க வேண்டாம். பெருமையாக எழுதியிருந்தால் தனியாக உட்காரவைத்து, "இது உனக்கு எதைக் கொடுக்கிறது? இதே சொல்லைக் கேட்டு வேறொரு பிள்ளைக்கு எப்படி இருக்கும்?" என்று பேசுங்கள். வலியோடு எழுதியிருந்தால், எழுதியது உங்களுக்கு மட்டுமான கடிதம். படித்ததை அந்தப் பிள்ளைக்குத் தெரியப்படுத்துங்கள்.

படி 5: உட்காரும் இடமும் பொறுப்பும்

அகரவரிசையில் தொடங்கி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். தண்ணீர் எடுப்பது, கூட்டுவது, செடிக்கு ஊற்றுவது, லீடர் வேலை எல்லாம் சுழற்சியில் வரட்டும். பட்டியலைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கூட்டுகிற வேலை எப்போதும் யாருக்குப் போகிறது என்று ஒரு மாதம் கவனித்தாலே பல விஷயங்கள் தெரிந்துவிடும். காது சரியாகக் கேட்காத பிள்ளையும் பார்வை குறைந்த பிள்ளையும் மட்டும் அவர்களுக்கு வசதியான வரிசையிலேயே இருக்கட்டும், பக்கத்து ஆள் மாறினால் போதும்.

அரசுப் பள்ளிகளில் இப்போது மகிழ் முற்றம் என்ற மாணவர் குழு முறை வந்திருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள். சாதி, மொழி, தெரு எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிப் போகிற புதிய கூட்டம் என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆனால் ஒரு எச்சரிக்கை. குழு பிரித்தாலே கட்சி வந்துவிடும். 1970-களின் தொடக்கத்தில் ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர், பிரிட்டனின் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களை எந்தக் காரணமும் இல்லாமல் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். அந்தப் பிள்ளைகள் அப்போதும் தம் பக்கத்து ஆட்களுக்கே அதிகப் பணம் ஒதுக்கினார்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 1954-இல் முசஃபர் ஷெரீஃப் என்ற இன்னொரு உளவியலாளர் நடத்திய கோடை முகாமில், இரண்டு சிறுவர் கூட்டம் போட்டி வைத்ததும் அடித்துக்கொண்டது. ஒன்றாகச் சாப்பிடவைத்தும் சரியாகவில்லை. முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோய், இரண்டு கூட்டமும் சேர்ந்து சரிசெய்ய வேண்டிவந்தது. அப்படிப்பட்ட வேலைகள் வரவரத்தான் பகை தணிந்தது.

ஆகவே குழுப் போட்டி ஒன்று நடந்தால், ஐந்து குழுவும் சேர்ந்தால்தான் முடிகிற வேலை ஒன்றும் நடக்க வேண்டும். ஆண்டுவிழா மேடை, பள்ளித் தோட்டம், மழைநீர்க் குழி, எதுவாகவும் இருக்கலாம்.

படி 6: பாடத்தைத் துண்டு போடுங்கள்

1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், அதுவரை தனித்தனியாகப் படித்த வெள்ளை, கறுப்பு, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்புக்கு வந்தபோது பெரும் சண்டை. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரும் அவர் மாணவர்களும் அங்கே உருவாக்கியது ஜிக்சா வகுப்பு. நமக்கு அப்படியே பொருந்தும்.

முப்பது பேர் என்றால் ஐந்து பேர் கொண்ட ஆறு குழுக்கள். இவற்றை வீட்டுக் குழு என்போம். காவிரியைப் பாடமாக எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்கு ஒரு துண்டு: குடகில் தலைக்காவிரி முதல் கடல் வரையான பாதை, பவானி, நொய்யல், அமராவதி முதலிய துணையாறுகள், கல்லணையும் 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையும், டெல்டா விவசாயம், நொய்யலும் சாயக்கழிவும். ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் ஒன்றாகக் கூடி கால் மணி நேரம் படித்துத் தயாராகட்டும். பிறகு வீட்டுக் குழுவுக்குத் திரும்பி, ஆளுக்கு ஐந்து நிமிடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். கடைசியில் தனித்தனியாகச் சிறு தேர்வு. இரண்டு பீரியடு ஆகும்.

யார் துண்டையும் தவிர்க்க முடியாது என்பதுதான் இதில் விசேஷம். சாயக்கழிவுத் துண்டு, வீட்டில் ஒடியா பேசும் ஒரு பையனுக்குப் போனது. தமிழ் திக்கித் திக்கித்தான் வந்தது. குழுவில் ஒருத்தி பொறுமையிழந்து, "டீச்சர், இதை நானே படிச்சுச் சொல்றேன்" என்றாள். "துண்டு அவனுடையது, கேள்வி கேட்டு வாங்கிக்கொள்" என்றேன். அவன் பேசுவதை விட்டுவிட்டுக் கலர் பென்சில் எடுத்தான். அவன் இருந்த லைன் வீடு ஆற்றங்கரையை ஒட்டி. மழை பெய்தால் தண்ணீர் எப்படி நுரைக்கும், எந்தப் பக்கத்தில் என்ன நிறம் என்று வரைந்து காட்டினான். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது என்று துண்டுத்தாளில் இருந்தது. மூடினால் வேலை செய்கிறவர்கள் எங்கே போவார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது. மணி அடித்தும் அந்தக் குழு எழவில்லை.

ஒருமுறை செய்துவிட்டு 'சத்தம்தான் மிச்சம்' என்று விட்டுவிடாதீர்கள். வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் செய்யுங்கள்.

படி 7: வீட்டு மொழிக்குச் சுவரில் இடம்

ஒரு சார்ட்டில் வாரம் ஒரு சொல். 'தண்ணீர்' என்று தொடங்கினோம். பானி, ஜொல், நீள்ளு, நீரு என்று வந்தது. நீரு என்பதைக் கேட்டதும் "அது நம்ம நீர்தானே!" என்று கடைசிப் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. அடுத்த வாரம் 'பேசு'. அந்த இடத்தில் கதை, பறை, பேசு மூன்றையும் ஒன்றின்கீழ் ஒன்றாக நானே எழுதினேன், மூன்றும் தமிழ் என்று சொல்லி.

முதல் வரைவை எந்த மொழியிலும் எழுதலாம், இரண்டாவதைத் தமிழில் எழுதுவோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு வழக்கைத் திருத்தும்போது அடிக்காமல், பக்கத்தில் 'தேர்வில் இப்படி எழுது' என்று பென்சிலால் குறியுங்கள். புதிதாக வந்த பிள்ளைக்கு மொழிபெயர்க்க எப்போதும் ஒரே ஆளைப் பிடிக்காதீர்கள். அவன் படிப்பும் போகும், அவர்கள் இருவரும் தனித் தீவாகவும் ஆகிவிடுவார்கள்.

படி 8: மதியச் சாப்பாடு

சத்துணவு வரிசையும் வீட்டு டிபன் பாக்ஸும் இரண்டு தனிக் கூட்டமாகப் பிரிந்தால், அது பெரும்பாலும் பணத்தின் கோடு, சில நேரம் சாதியின் கோடு. வாரத்தில் இரண்டு நாளாவது நீங்கள் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சத்துணவு சாப்பிடுங்கள். ஒருவர் சாப்பாட்டைப் பார்த்து 'ஐயே' என்பது கூடாது என்ற ஒற்றை விதி போதும். முட்டை சாப்பிடாதவரும், மாட்டுக்கறி சாப்பிடுகிறவரும், நோன்பு இருப்பவரும் அதற்குள் அடங்கிவிடுவார்கள்.

படி 9: அந்தச் சொல் விழும் நிமிடம்

எவ்வளவு செய்தாலும் ஒருநாள் விழும். 'அகதி', 'பீகாரி', 'நொண்டி', 'ஒம்போது', அல்லது ஒரு சாதிப் பெயர். என்ன சொல்வது என்று அப்போது யோசித்தால் வார்த்தை வராது, அதனால் முன்பே பழகிக்கொள்ளுங்கள். நான் சொல்வது: "நிறுத்து. இந்த வகுப்பில் யாரையும் அப்படிக் கூப்பிடுவது கிடையாது. அவனுக்குப் பெயர் இருக்கிறது." அவ்வளவுதான். கத்துவதில்லை, நீளமாக அறிவுரை சொல்வதில்லை, பாடம் தொடரும். நீட்டினால் காயப்பட்ட பிள்ளையை எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அன்றைக்கே அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். "உனக்கு என்ன செய்தால் நன்றாக இருக்கும்?" என்று கேளுங்கள். இடம் மாறி உட்காரவேண்டுமா, வீட்டில் சொல்லலாமா, இப்போதைக்கு விட்டுவிடலாமா? அப்புறம் சொன்னவனிடம், பள்ளி விட்ட பிறகு. அந்தச் சொல்லை எங்கே கேட்டான் என்று விசாரியுங்கள், பெரும்பாலும் வீட்டில்தான் கேட்டிருப்பான். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கவைத்துக் கைகுலுக்கச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். கை குலுங்கும், கண் பார்க்காது.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது, திரும்பத் திரும்ப மிரட்டுவது, அடிப்பது இவை 'பசங்க சண்டை' கணக்கில் சேராது. தேதியோடு தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கொடுங்கள். 1098 (குழந்தைகள் உதவி), 14417 (பள்ளிக் கல்வி உதவி) என்ற இரண்டு எண்களும் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். பேசியவர் ஆசிரியராக இருந்தாலும் இதேதான். மனரீதியான துன்புறுத்தலைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது.

படி 10: பெற்றோர்

பனியன் கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் அம்மாவால் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வரமுடியாது. ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் வையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் என்று சட்டமே சொல்கிறது. பெயருக்குக் கையெழுத்து வாங்காமல், முகாமிலிருந்து ஒருவரையும் லைன் வீட்டிலிருந்து ஒருவரையும் பேச அழையுங்கள். தமிழ் தெரியாதவர் என்றால் பக்கத்தில் ஒருவர் மெதுவாகச் சொல்லட்டும், ஆனால் அந்தப் பணிக்கு அவர் பிள்ளையை நிறுத்தவேண்டாம்.

மாறுகிறதா என்று எப்படித் தெரியும்?

மாதம் ஒருமுறை, மதிய இடைவேளையில் யார் யாரோடு சாப்பிடுகிறார்கள் என்று ஒரு படம் வரைந்து வையுங்கள். புள்ளியும் கோடும் போதும். ஜூலைப் படத்தையும் ஜனவரிப் படத்தையும் பக்கத்தில் வையுங்கள். தனியாக நிற்கும் புள்ளி எது? ஒரே ஒரு கோட்டோடு தொங்கும் புள்ளி எது? அடுத்த மாத இருக்கை மாற்றத்தை அந்தப் பிள்ளைகளிலிருந்து தொடங்குங்கள்.

மார்ச் மாதத்தில் வட்டத் தாளை இன்னொரு முறை எழுதச் சொல்லுங்கள், பழையதைக் காட்டாமல். கபடி, பாட்டுக் குழு, தம்பிகள் என்று ஜூனில் எழுதியிருந்தவள், மார்ச்சில் ஒரு வட்டம் கூட்டியிருந்தாள்: 'கதைக்கிறவர்கள்'. கடைசி நாளன்று இரண்டு தாள்களையும் சேர்த்து, எழுதிய பக்கம் உள்ளே போகும்படி மடித்து, அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். பள்ளி அலமாரியில் நகல் வைக்க வேண்டாம்.